கிரேவி பக்னர் இன்னைக்கும் வரல

"நேத்து ராத்திரி எல்லாரும் எங்க படுத்தீங்க?"

இதை வில்டா ஹாஃப்ஸ்டெட்டர் குரல்ல கேக்கணும். பாதி மூக்கால, பாதி சிரிப்பால. விசேஷ வீட்டுக்கு வந்த சொந்தக்காரங்களைக் காலைல காப்பியோட விசாரிக்கிற மாதிரி இருக்கும். யாருக்கும் கோவம் வராது.

எங்க டில்மோர் பள்ளி மாவட்டத்துல எத்தனை பள்ளிக்கூடம் இருக்கோ அத்தனை ஆபீஸுக்கும் வில்டா சொல்லிக்குடுத்த ஒரே பாடம் இந்தக் கேள்விதான். "உங்களுக்கு வீடு இருக்கா"ன்னு கேட்டா எங்க இண்டியானா மாநிலத்துல ஒருத்தனும் இல்லன்னு சொல்ல மாட்டான். கார்ல தூங்குறவன்கூட இருக்குன்னுதான் சொல்வான். எங்க படுத்தீங்கன்னு கேளு, பொலபொலன்னு கொட்டிருவான். "மச்சான் வீட்டு ஹால்ல, நானும் பசங்களும் அவனோட ரெண்டு நாயும்." "மோட்டல்ல, ஆனா சனிக்கிழமை காலி பண்ணணும், கார் பந்தயத்துக்கு ஆளு வராங்களாம்." "தங்கச்சிக்கு ஒத்தாசையா இருக்கோம்." அந்தத் தங்கச்சியைப் போய்க் கேட்டா, யப்பா சாமி, இந்த ஒத்தாசையே வேணாம்னு கும்பிடுவா.

சட்டப்படி இவங்க பிள்ளைங்க எல்லாருமே வீடில்லாத பிள்ளைங்க கணக்குல வரும். வீட்டை விட்டுட்டு, வேற வழியில்லாம அடுத்தவங்க இடத்துல ஒண்டியிருந்தாலும் வரும். கணக்குல வந்துட்டா பழைய பள்ளிக்கூடத்துலயே படிக்கலாம். கவுண்டி, அதான் ஜில்லா, அந்த எல்லையைத் தாண்டிப் போய்த் தங்கினாலும் பஸ் தேடி வரணும். மதியச் சாப்பாடு இலவசம். அத்தாட்சி, பத்திரம்னு யாரும் இழுத்தடிக்கக் கூடாது. அப்படிப்பட்ட பிள்ளைங்களைக் கண்டுபிடிச்சு, கம்ப்யூட்டர்ல ஏத்தி, வருஷக் கடைசில மாநிலத்துக்கு எண்ணிக்கை அனுப்புறது வில்டாவோட வேலை. அதுவும் பாதி வேலைதான். மீதிப் பாதி, பேன் பாக்கிறது, தடுப்பூசி விசாரிக்கிறது, பள்ளிக்கூடம் எல்லாத்துக்கும் மேலதிகாரியான சூப்பிரண்டு லைல் தொலைச்ச கண்ணாடியைத் தேடுறது. எல்லாத்துக்கும் சேத்து ஒரே சம்பளம்.

அவங்களுக்கு எதிர் மேஜைல கம்ப்யூட்டரைத் தட்டுறவன் நான். அதனால இதுல பாதி என் கண்ணு முன்னால நடந்தது. மீதியை வில்டா எனக்கு நடிச்சே காமிச்சிருக்காங்க.

இந்த வேலைக்கு முன்னால வில்டா, பந்து உருட்டி விளையாடுற பௌலிங் கூடத்துல ஷூ வாடகைக்குக் குடுக்கிற மேஜைல நின்னாங்க. ஆள் வாசல்ல நுழையும்போதே காலைப் பாத்து நம்பர் சொல்லிருவேன்னு பீத்திப்பாங்க. பாதி நாள் தப்பாத்தான் இருக்கும். ஆனா அந்தப் பழக்கம் போகல. அவங்க கார் பின்சீட்டு முழுக்க இல்லாத பிள்ளைங்களுக்குக் குடுக்கிற ஷூ. மனுஷன் உக்கார இடம் கிடையாது. ஒருதடவை லைலை ஒரு கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனப்ப, அவரு மடியில பன்னெண்டு ஜோடியை வச்சுக்கிட்டு உக்காந்துட்டுப் போனாரு. இறங்கும்போது ஒண்ணு அவரு கோட்டுப் பையிலயே வந்துருச்சு. அதோடயே மேடையேறிப் பேசினாரு.

சிரிப்பு இருக்கே, அது தனிக் கதை. குளத்துல தூங்கிட்டிருந்த வாத்துக் கூட்டத்துல எவனோ கல்லெறிஞ்ச மாதிரி. ரெண்டு ரூம் தள்ளி இருக்கிறவங்க கதவைச் சாத்துவாங்க. சர்ச்சுல ஒருதடவை அடக்கப் பாத்து விக்கல் வந்து, புருஷன் மெர்ல் கைத்தாங்கலா வெளிய கூட்டிட்டுப் போனாரு. ஞானஸ்நானம் நடந்துக்கிட்டிருந்துச்சு.

இப்படி இருக்கிறவங்க மூஞ்சில ஏப்ரல் மாசத்துல ஒரு வாரம் சிரிப்பே இல்ல. காரணம் டெலிலா பக்னர்.

டெலிலா ஒன்பதாவது படிக்கிற பொண்ணு. வாய் அதிகம் பேசாது. பேசினா பன்னியைப் பத்திப் பேசும். எங்க உயர்நிலைப் பள்ளிக்குப் பின்னால ஒரு தொழுவம் இருக்கு. விவசாய வாத்தியார் கோர்டி மேற்பார்வைல, சொந்தமா இடம் இல்லாத பிள்ளைங்க அங்க பன்னி வளத்து, ஜூலைல கவுண்டித் திருவிழாவுல கொண்டுபோய் நிறுத்துவாங்க. அதுல பரிசு வாங்குறது எங்க ஊர்ல சின்ன விஷயம் இல்ல. வாங்கினவன் போட்டோவை மளிகைக் கடைல மாட்டுவாங்க.

அந்தப் பொண்ணோட அப்பா ட்ராய் பக்னர், கூரை போடுற ஆளு. அம்மா முதியோர் இல்லத்துல ராத்திரி வேலை. அவங்க வாடகைக்கு இருந்த வீட்டை வீட்டுக்காரன் பிப்ரவரில வித்துட்டான். வேற வீடு சிக்கல. ட்ராயோட மச்சான் பக்கத்து க்ரோவ் கவுண்டில இருக்கான். அவன் வீட்டுக்குப் பின்னால நிக்கிற, படுக்கை வச்ச கேம்பர் வண்டிக்குக் குடும்பம் மொத்தமும் போயிருச்சு. தினமும் காலைல ட்ராய்தான் பொண்ணை லாரில கூட்டிட்டு வந்து விடுவான். விட்டுட்டு வேலைக்குப் போறதுக்குள்ள லேட்டாயிரும். மேஸ்திரி ரெண்டு தடவை எச்சரிச்சாச்சு.

இது யாருக்கும் தெரியாமயே போயிருக்கும். ஆனா பாம் ஸ்டாட்லர்னு ஒருத்தி எங்க ஆபீஸுக்குப் போன் போட்டா. பாமோட மகனும் பன்னி வளக்கிறான். போன வருஷம் டெலிலா பன்னிக்கு முதல் பரிசு, இவன் பன்னிக்கு மூணாவது. பாம் குரல்ல எப்பவும் சர்க்கரை ரெண்டு கரண்டி கூடவே இருக்கும். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. சும்மா ஒரு அக்கறைல சொல்றேன். பாவம் அந்தக் குடும்பம் கவுண்டியை விட்டே போயிருச்சாமே. அப்ப அந்தப் பொண்ணு இங்க படிக்கிறது முறையான்னு பெரியவங்க நீங்கதான் சொல்லணும்."

சூப்பிரண்டு லைல் கெட்டவரு இல்ல. விமானத்துல பைலட் பேசுற மாதிரி பேசுவாரு, அவ்வளவுதான். எது நடந்தாலும் பெல்ட்டைப் போட்டுக்கங்கன்னு சொல்ற குரல். வில்டாவைக் கூப்பிட்டு, "நம்ம இப்ப லேசான கொந்தளிப்புல இருக்கோம் வில்டா. அந்தப் பொண்ணு உன் கணக்குல வருதா வரலையான்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிரு. வந்தா இங்கயே இருக்கட்டும், யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. வரலன்னா க்ரோவ் கவுண்டிப் பள்ளிக்கூடத்துக்கு மாத்தி எழுதத்தான் வேணும்"னாரு.

க்ரோவ் பள்ளிக்கூடத்துல விவசாய வகுப்பே கிடையாது. போனா டெலிலாவுக்கு இங்க பள்ளிக்கூடம் போச்சு, தொழுவத்துல இடம் போச்சு, ஜூலைத் திருவிழாவும் போச்சு. ஏன்னா அது எங்க கவுண்டிப் பிள்ளைங்களுக்கு மட்டும்.

அன்னைக்குச் சாயந்திரமே வில்டா கேம்பருக்குக் கிளம்பிட்டாங்க. ஏப்ரல்ல எங்க ஊர்ல பெய்யிற ஆலங்கட்டி மழை பெய்யுது. ட்ராய் வெளிய ஒரு குடையைப் பிடிச்சுக்கிட்டு அடுப்புல ஹாட்டாக் சுட்டுட்டு இருக்கான். வில்டா வழக்கம்போல எங்க படுத்தீங்கன்னு ஆரம்பிச்சிருக்காங்க. ட்ராய் சூயிங்கம்மை மென்னுக்கிட்டே சொன்னானாம், நாங்க கேம்பிங் வந்திருக்கோம்னு. இந்த மழைலயான்னு கேட்டதுக்கு, எங்களுக்கு இயற்கைன்னா பிடிக்கும்னானாம். சொல்லும்போது ஒரு கட்டி வந்து டொக்குன்னு ஹாட்டாக் மேல விழுந்துச்சாம். ரெண்டு பேரும் அதைப் பாக்காத மாதிரியே இருந்தாங்களாம்.

வில்டா விஷயத்தை விளக்கிருக்காங்க. பஸ் வரும், பொண்ணு அங்கயே படிக்கும், ஒரு பைசா கிடையாது, நீங்க சரின்னு சொன்னா போதும். அப்பத்தான் ட்ராய் மெல்லுறதை நிறுத்தினான்.

"இந்தக் கவுண்டில பாதிக் கூரை நான் போட்டது, மிஸ் வில்டா. உங்க பள்ளிக்கூடத்துக் கூரையும் நான் போட்டதுதான். என்னைப் போயி வீடில்லாதவன்னு எழுதுவீங்களா? என் பொண்ணு பேரு அந்த லிஸ்ட்ல ஏறட்டும், அன்னைக்கே நிறுத்திருவேன். வீட்லயே படிக்க வெப்பேன்."

எந்த வீட்லன்னு கேக்க வில்டாவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சாம். கார்ல ஏறிக் கதவைச் சாத்தி, ஷூ மூட்டையைப் பாத்துக் கேட்டாங்களாம்.

அவன் சம்மதம் இல்லாமயே வில்டா கணக்குல ஏத்தலாம். சட்டத்துல இடம் இருக்கு. ஆனா ஏத்தினா பொண்ணை நிறுத்திருவான். ஏத்தலன்னா லைல் மாத்தி எழுதிருவாரு. ரெண்டு பக்கமும் டெலிலாவுக்குக் கதவு சாத்தியிருக்கு. வில்டா மறுநாள் நூடுல்ஸும் மசிச்ச உருளைக்கிழங்கும் கொண்டுவந்து, தொடாமயே மூடி வச்சாங்க. அந்த டப்பாவைத் தொடாம இருந்ததை நான் அதுக்கு முன்னால பாத்ததே இல்ல.

அன்னைக்குப் பாத்து மாநிலத் தலைமை அலுவலகத்துல இருந்து போன். அங்க ஒரு அம்மா இருக்காங்க. அவங்க பேசினா பாடப்புத்தகம் பேசுற மாதிரி இருக்கும். ஸ்பீக்கர்ல போட்டாங்க வில்டா.

"வணக்கம். வீடற்ற மாணவர்களை அடையாளம் காண்பதில் தங்கள் மாவட்டம் இம்மாதம் எய்தியுள்ள முன்னேற்றம் பாராட்டத்தக்கது. தாங்கள் பின்பற்றிய வழிமுறையைப் பிற மாவட்டங்களுடன் பகிர்ந்துகொள்ள இயலுமா?"

வில்டா என்னைப் பாத்தாங்க. நான் திரையைப் பாத்தேன். எண்ணிக்கை ஒரே மாசத்துல கிடுகிடுன்னு ஏறியிருக்கு. நாங்க ரெண்டு பேரும் ஏத்தல. எல்லாம் உயர்நிலைப் பள்ளில சேந்த புதுப் பிள்ளைங்க. தங்குமிடம்ங்கிற இடத்துல "மற்றவை"ன்னு இருக்கு. தெருவுல இருக்கிறவங்க, கூடாரத்துல இருக்கிறவங்களுக்குத்தான் அப்படி விழும். பேரெல்லாம் வரிசையா இருக்கு. ஹாங்க் மெக்கேப். ரோஸி டில்லார்ட். டச்சஸ் ஸ்டாட்லர். கிரேவி பக்னர்.

"கிரேவியா?" வில்டா கண்ணாடியை ஏத்திப் போட்டுக்கிட்டாங்க. "ட்ராய்க்கு இன்னொரு பிள்ளை இருக்கா? அந்தக் கேம்பர்ல என் கண்ணுல படாம எங்க ஒளிச்சு வச்சிருந்தான்?"

அதுக்கப்புறம் ரெண்டு நாள் வில்டா தரையில நிக்கல. தனக்குத் தெரியாம ஒரு கூட்டம் பிள்ளைங்க தெருவுல கிடக்குதுன்னா அவங்களுக்குச் சோறு இறங்குமா? பஸ் டிரைவர்களைக் கேட்டாங்க. சர்ச்சுல கேட்டாங்க. துணி துவைக்கிற கடைல நின்னு வர்றவன் போறவனையெல்லாம் கேட்டாங்க. ஹாங்க்ங்கிற பையனை யாராவது பாத்தீங்களா, பெரிய காலா இருக்கும்னு நினைக்கிறேன். கால் எப்படித் தெரியும்னு கேட்டா, பேரைக் கேட்டாலே தெரியாதான்னாங்க. லைல் இந்தப் பக்கம், பத்திரிகைக்காரன் வந்தா என்ன சொல்றதுன்னு கேட்டுக்கிட்டே பின்னால நடக்கிறாரு. குரல் மட்டும் முப்பதாயிரம் அடி உயரத்துல நிதானமா இருக்கு, கைல இருக்கிற காப்பியைத்தான் எங்கன்னு தேடுறாரு.

மூணாவது நாள் வியாழக்கிழமை. வில்டாவுக்கு ஒரு முடிவு வந்துருச்சு. ஸ்டாட்லர்ங்கிற பேரு எங்க ஊர்ல ஒரே குடும்பம்தான். அப்படின்னா பாம் தன் சொந்தப் பொண்ணையே வீட்டை விட்டுத் துரத்திட்டு, அடுத்தவன் பொண்ணைப் பத்திக் கோள் சொல்லிட்டிருக்கா. ஒரு குளிர் கோட்டையும் மூணு சைஸ்ல ஷூவையும் எடுத்துக்கிட்டு நேரா பாம் வீட்டு வாசல்ல போய் நின்னாங்க.

இந்த இடத்தை வில்டா சொல்லும்போது ரெண்டு குரலும் அவங்களே போடுவாங்க. நான் அவங்களைவிட நல்லாப் போடுவேன்.

"பாம், டச்சஸ் நேத்து ராத்திரி எங்க படுத்தா?"

"டச்சஸா? பள்ளிக்கூடத் தொழுவத்துலதான். ஏம்மா?"

"தொழுவத்துல. இந்தக் குளிர்ல."

"வைக்கோல் போட்டிருக்கோமே. நல்லாத்தான் தூங்குறா."

"வீட்டுக்குள்ள விடக் கூடாதா, பாம்?"

"நல்லா கேட்டீங்க போங்க. என் கம்பளம் என்னத்துக்கு ஆகுறது?"

வில்டா கோட்டை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, கடைசியா அவளை என்ன பண்றதா உத்தேசம்னு கேட்டாங்களாம். பாம் சர்க்கரை குறையாமச் சொன்னா: "வழக்கம்தான். ஜூலைத் திருவிழா முடிஞ்சதும் வித்துருவோம்."

காருக்கு வந்து எனக்குப் போன் போட்டாங்க. ஷெரீஃபைக் கூப்பிடு, வாரண்ட்டோட வரச் சொல்லுன்னு கத்துறாங்க. நான் ஷெரீஃப் நம்பரைத் தேடிட்டு இருக்கும்போது ட்ராய் பக்னர் எங்க ஆபீஸ் கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள வந்தான். வேலை இடத்துல இருந்து நேரா வந்திருக்கான். தொப்பில தார். கைல போன். மூஞ்சி செவந்து கிடக்கு.

"வில்டா எங்க?"ன்னான். வர்றாங்கன்னேன். உக்காரச் சொன்னேன், உக்காரல. வில்டா கோட்டும் ஷூவுமா மூச்சிரைக்க உள்ள நுழையிறதுக்கும் அவன் போனை மேஜைல வச்சு அமுக்குறதுக்கும் சரியா இருந்துச்சு.

பிள்ளைங்க வரலன்னா எங்க கம்ப்யூட்டர் தானாவே வீட்டுக்குப் போன் போடும். அந்தக் குரலுக்கு ஏத்தமும் கிடையாது, இறக்கமும் கிடையாது.

"வணக்கம். தங்கள் பிள்ளை. கிரேவி. பக்னர். இன்று. முதல். பாடவேளைக்கு. வருகை தரவில்லை. கிரேவி. உடல்நலக். குறைவாக. இருப்பின். ஒன்றை. அழுத்தவும்."

"தினமும் வருது," ட்ராய் சொன்னான். "ரெண்டு வாரமா. முதல்ல சிரிச்சேன். நேத்து என்ன சொல்லுது தெரியுமா? இப்படியே போனா கோர்ட்டுக்கு வரணுமாம். என் பன்னி உங்க தொழுவத்தை விட்டு ஒருநாள் நகந்திருக்கா? எண்பது கிலோ இருக்கு, அது எங்க ஓடப் போகுது?"

வில்டா கைல இருந்த ஒரு ஷூ கீழ விழுந்துச்சு.

"பன்னி," அப்படின்னாங்க வில்டா, ரொம்ப மெதுவா. அப்புறம், "டச்சஸ்"னாங்க. அப்புறம் கோட்டுக்குள்ள மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டாங்க. தோள் ரெண்டும் குலுங்குது. அழுறாங்கன்னு ட்ராய் பயந்துட்டான். வாத்துச் சிரிப்பு கிளம்பினப்பத்தான் அவனுக்கு உயிர் வந்துச்சு.

கோர்டி வாத்தியாரைப் போன்ல பிடிச்சேன். அவரு ஒரு வாக்கியத்தை முடிக்கவே மாட்டாரு. "அது வந்து... புதுக் கம்ப்யூட்டர் வந்துச்சுல்ல... பழசுல பன்னி நிக்கிற கொட்டடியை எழுதி வெக்க ஒரு இடம் இருந்துச்சு... புதுசுல இல்ல, பிள்ளைங்க பை வெக்கிற லாக்கர்தான் இருக்கு... சரி, கொட்டடியை லாக்கர்னு போட்டுக்கலாம்னு... ஆனா லாக்கர் குடுக்கணும்னா மாணவர் நம்பர் கேக்குது... அதான் பன்னிங்களை..." சேத்துட்டீங்களான்னு கேட்டேன். "ஒன்பதாவதுல," அப்படின்னாரு. கொஞ்சம் பெருமை இருந்துச்சு குரல்ல. விலாசம் கேட்டப்ப தொழுவம்னு போட்டிருக்காரு. அது வீடு இல்லன்னு கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சிருக்கு. தானாவே வில்டா கணக்குக்குத் தள்ளி விட்டுருச்சு. மத்த பன்னிக்காரங்க அந்தப் போனை விளம்பரம்னு நினைச்சு எடுக்கவே இல்லையாம்.

ட்ராய்க்கு இப்பச் சிரிப்பு வந்துருச்சு. கதவு நிலைல சாஞ்சுக்கிட்டுச் சிரிக்கிறான். "அப்ப என் பன்னிக்கு பஸ் வரும்னு சொல்லுங்க."

"வரும்," வில்டா கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. "மதியச் சாப்பாடும் இலவசம். உக்காருங்க ட்ராய். கிரேவியைக் கணக்குல இருந்து எடுக்கணும்னா ஒரு நாலு கேள்வி கேட்டாகணும்."

எடுக்கிறதுக்கு ஒரு பொத்தானைத் தட்டினா போதும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடில வில்டா என் காலை மிதிச்சாங்க. அவங்க போட்டிருக்கிற ஷூ லேசானது இல்ல.

ட்ராய் உக்காந்தான். புது சூயிங்கம் ஒண்ணைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டான். பன்னியைப் பத்தி யாராவது கேட்டா இந்த ஊர்ல எவன் மாட்டேன்னு சொல்வான்?

"கிரேவி நேத்து ராத்திரி எங்க படுத்துச்சு?"

"தொழுவத்துல, ஓரத்துக் கொட்டடி. காத்து வராது. நான்தான் பாத்து எடுத்தேன்."

"அது உங்க சொந்த இடமா?"

"இல்ல, கோர்டி குடுத்தது."

"சொந்த இடத்துல ஏன் இல்ல?"

"இருந்துச்சும்மா. வீட்டுக்குப் பின்னால நானே கட்டினேன். தகரக் கூரை, ஒரு சொட்டு ஒழுகாது. அந்த ஆளு வீட்டை வித்தான், அதோட அதுவும் போச்சு."

"வேற இடம் பாக்கலியா?"

"பாக்காம இருப்பேனா? ஞாயித்துக்கிழமையெல்லாம் அதான் வேலை. கேக்கிற முன்பணத்துக்கு ரெண்டு லாரி வாங்கலாம். சேத்துக்கிட்டிருக்கேன். கிடைச்சதும் முதல் வேலையா கொட்டடிதான் கட்டுவேன்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் அடுத்தவன் இடத்துல இருக்கு. அது என்ன பண்ணும் பாவம், அதுவா வீட்டை வித்துச்சு? அதுல என்ன வெக்கம்..."

அங்க நின்னுட்டான். தாடையும் நின்னுருச்சு. வில்டா அவனைப் பாக்கல. ஷூ கயிறு ஒண்ணைப் பிரிச்சுப் பிரிச்சு முடிச்சுப் போட்டுக்கிட்டு இருந்தாங்க.

ட்ராய் தொப்பியைக் கழட்டினான். "நீங்க பொல்லாத பொம்பளை, மிஸ் வில்டா."

"மெர்லும் அதான் சொல்றாரு."

"டெலிலாவுக்கும் இதே கேள்விதானா?"

"இதேதான். கொட்டடி மட்டும் கேக்க மாட்டேன்."

வீடில்லாதவன்ங்கிற அந்த வார்த்தை எங்க எழுதியிருக்கும்னு கேட்டான். நான் திரையைத் திருப்பிக் காமிச்சேன். எங்கயும் எழுதியிருக்காது, ஒரு சின்ன எண்தான், "உறவினரோட தங்கியிருக்காங்க"ங்கிறதுக்கு. யாரு பாப்பாங்கன்னு கேட்டான். வில்டா, நான், பஸ் அனுப்புறவரு. வாத்தியாருக்குத் தெரியாது, பாமுக்குத் தெரியாது. மாநிலத்துக்குப் போறது பேரு இல்ல, எண்ணிக்கை. ஜூலை பொறந்தா பள்ளிக்கூடத்துக்குப் புது வருஷம், அந்தக் குறியும் அழிஞ்சுரும், அடுத்த வருஷம் மறுபடி கேட்டுத்தான் போடணும். அதுக்குள்ள உங்களுக்கு வீடு கிடைச்சிருக்கும்னு வில்டா சொன்னாங்க. சொன்ன விதத்துல, வீட்டை அவங்களே எங்கயோ பாத்து வச்சிருக்கிற மாதிரி இருந்துச்சு. பாக்கல. எனக்குத் தெரியும்.

"பஸ் நெசமாவே அவ்வளவு தூரம் வருமா?"ன்னு கேட்டான். மேஸ்திரி ஞாபகம் வந்திருக்கும். வரும்னாங்க.

"அப்ப எழுதுங்க. ஆனா முதல்ல பன்னியை எடுத்துருங்க. ரெண்டு பேரையும் ஒரே வரிசைல பாத்தா என் பொண்டாட்டி என்னைக் கேம்பருக்குள்ளயே விட மாட்டா. அப்புறம் எனக்கும் ஒரு எண் போட வேண்டி வரும்."

பன்னிங்களை ஒண்ணொண்ணா எடுத்தேன். ஏன் வெளியேறுறாங்கன்னு காரணம் கேட்டுச்சு கம்ப்யூட்டர். வெளிமாநிலம் போயிட்டாங்க, பட்டம் வாங்கிட்டாங்க, ராணுவத்துல சேந்துட்டாங்கன்னு ஒரு பட்டியல் குடுத்துச்சு. ஹாங்க் மெக்கேப்பை ராணுவத்துக்கு அனுப்பினேன். மத்ததுங்களுக்கு வில்டா திட்டுனதுல ஒழுங்கா "தவறான பதிவு"ன்னு போட்டேன். கடைசியா டெலிலாவை ஏத்தினேன். மாநிலத்து அம்மாவுக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னோம். அவங்க எத்தனை பன்னின்னு கேட்டுக் குறிச்சுக்கிட்டாங்க. அப்புறம், "புரிகிறது. பன்றிகளுக்கென எங்களிடம் தனிக் குறியீடு ஏதும் இல்லை" அப்படின்னாங்க. பின்னால யாரோ விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு.

வெள்ளிக்கிழமை லைல் கேட்டாரு, அந்தப் பொண்ணு கணக்குல வருதான்னு. வருதுன்னாங்க வில்டா. பாம் மறுபடி போன் போட்டதுக்கு லைல் பைலட் குரல்லயே பதில் சொன்னாரு. அந்த மாணவி நம்ம மாணவிதான், காரணம் சொல்ல எனக்கு அனுமதி இல்ல, நன்றி, இனிய நாள். வச்சுட்டாரு. பாம் கிட்ட டச்சஸ் விஷயத்தை வில்டா விளக்கவே இல்ல. அன்னைக்கு அவசரத்துல விட்டுட்டு வந்த ஒரு ஜோடி ஷூ இன்னமும் பாம் வீட்டு வாசல் பெஞ்சுலதான் கிடக்குதாம். எதுக்கு வந்துச்சுன்னு அவளுக்குப் புரியவே இல்லையாம்.

திங்கக்கிழமை விடியக் காலைல பஸ் கிளம்புச்சு. முதல் நாள்ங்கிறதால வில்டா கூடப் போனாங்க, என்னையும் இழுத்துட்டுப் போனாங்க. சின்ன வண்டி ரிப்பேர்ல இருந்ததால நீளமான பெரிய மஞ்சப் பஸ்ஸையே அனுப்பிட்டாங்க. ஒரே ஒரு பொண்ணுக்கு. மச்சான் வீட்டுப் பாதை ஒரு மாட்டு வண்டி போற அகலம்தான். உள்ள போயாச்சு, திருப்ப இடம் இல்ல. டிரைவர் பின்னாலயே எடுக்கணும். ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் கம்பத்துல நிக்கிற மச்சானோட தபால் பெட்டி.

ட்ராய் பாத்தான். அரை டிராயரும் பூட்ஸுமா கேம்பர் கூரை மேல விறுவிறுன்னு ஏறிட்டான். அங்க இருந்து ரெண்டு கையையும் ஆட்டி, விமானத்தை இறக்குற மாதிரி பஸ்ஸை வழி நடத்துறான். "வா வா வா, இடது, உன் இடது இல்ல என் இடது, நில்லு, மெதுவா, தபால் பெட்டி, தபால் பெட்டி." தபால் பெட்டி சாஞ்சுருச்சு. மச்சான் குடும்பம் மொத்தமும் கம்பளியைப் போத்திக்கிட்டு வாசல்ல நின்னு கை தட்டுது. வில்டா ஜன்னல்ல தலையை நீட்டி வாத்து மாதிரி சிரிக்கிறாங்க. கேம்பர் ஆடுது.

டெலிலா தலைமேல ஸ்வெட்டர் முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு வெளிய வந்துச்சு. பஸ்ஸை ஒரு பார்வை பாத்துச்சு. கூரையைப் பாத்துச்சு.

"அப்பா, இறங்குங்க."

அவன் இறங்கல. டெலிலா ஏறி, அத்தனை காலி சீட்டையும் தாண்டிப் போய் நடுவுல ஒரு ஜன்னலோரம் உக்காந்துச்சு. பஸ் ரோட்டுக்கு வந்து நிமிந்ததும் எழுந்து முன்னால வந்து, வில்டா சீட்டுக்குப் பின்னால கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு.

"மிஸ் வில்டா, சாயந்திரமும் இதே பஸ் வருமா?"

"வரும் கண்ணு. தினமும் வரும். ஸ்கூல் முடியிற வரைக்கும்."

அந்தப் பொண்ணு பின்னால திரும்பிப் பாத்துச்சு. கேம்பர் கூரை மேல ட்ராய் இன்னும் ரெண்டு கையையும் ஆட்டிக்கிட்டே நிக்கிறான், பஸ் போயிட்டது தெரியாத மாதிரி.

"அப்ப நாளைக்காவது அவரைப் பேன்ட் போட்டுக்கச் சொல்லுங்க."